குணாளன் தோட்டத்தில் போட்ட நாலாவது தளம்

பெயர் வினோதா. வயது 41. கணவர் பெயர் தீனா. இருப்பிடம் மேட்டுத் தெரு, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். தொழில் கட்டட வேலையில் சித்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

24.07.2025 அன்று காலை பதினொன்றரை மணிக்குக் குற்றவியல் நடுவர் அவர்கள் முன் ஆஜரானேன். அறையில் காவலர்கள் யாரும் இல்லை. எதையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை சொன்னார்கள். யோசிக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். யோசித்த பிறகும் சொல்லவே விரும்பினேன். குணாளன் என்பவரின் தோட்டத்துத் தளத்தை நான் உடைத்ததாகவும், அவரைக் குழிக்குள் தள்ளியதாகவும் அவருடைய தம்பி புகார் கொடுத்திருக்கிறார். உடைத்தது நான்தான். தள்ளவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் தீனா பழவேற்காடு பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். ஏரியில் இறால் பிடிக்கும் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பாக்கத்தில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை செய்தார். 11.08.2014 திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் நான் கம்பெனி கேட்டுக்குப் போய் விசாரித்தபோது, அந்தத் தேதியில் அப்படி ஒரு ஆள் உள்ளே வந்ததாகப் பதிவு இல்லை என்று சொன்னார்கள். அதன் பிறகு புகார் கொடுத்தேன். போலீசார் விசாரித்தார்கள். கிடைக்கவில்லை என்று பின்னர் எழுத்தில் தந்தார்கள். அப்போது என் மகள் பூமிகாவுக்கு எட்டு வயது. ஆந்திராவில் அவர் வேறு குடும்பம் வைத்திருப்பதாக ஊரில் சிலர் சொன்னார்கள். நான் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த மாதத்தில் இருந்து ஜெயராஜ் மேஸ்திரியிடம் சித்தாளாக வேலை செய்கிறேன். கலவை போடுவது என் வேலை. மிஷின் வராத சின்ன வேலைகளுக்குக் கையால் கலக்க மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார்.

இந்த மாதம் 12ஆம் தேதி சனிக்கிழமை மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். புதுவாயல் கூட்டு ரோட்டில் இருந்து உள்ளே ஒரு வீட்டில், பின்பக்கத் தோட்டத்தில் சாமான் வைக்க ஷெட் போடுகிறார்கள் என்றும், அதற்குப் பத்துக்கு எட்டு அடியில் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்றும் சொன்னார். அந்த வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார். "ஆரம்பாக்கம் வினோதான்னு ஒரு பொம்பள உங்கிட்ட வேலை செய்யுதாமே, அதுதான் கலக்கணும்னு கேக்குறாரு. தலைக்கு ஊத்திக்கினு வரணுமாம். வாஸ்து பாக்குறவரு போல கீது" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் அப்படிக் கேட்பது உண்டு.

14.07.2025 திங்கட்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி எனக்கு முன்பே வந்திருந்தார். வீட்டுக்காரர் பெயர் குணாளன், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கம்பெனி வேலையில் இருந்து ரிடையர் ஆனவர் என்று மட்டும் மேஸ்திரி சொன்னார். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குணாளன் ஒல்லியாக, பல நாள் ஷேவ் செய்யாமல் இருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். நாம் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றால் ஒரு பக்கத்துப் பஞ்சை எடுப்பார், பேசி முடித்ததும் மறுபடி வைத்துக்கொள்வார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். வேலைக்குப் போன இடத்தில் வீட்டுக்காரர் யாரும் என்னைக் கும்பிட்டது கிடையாது.

தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு தளம் போட்டு உடைந்து கிடந்தது. காம்பவுண்டு சுவர் ஓரம் அதற்கு முன்பு போட்டு உடைந்த துண்டுகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு மூன்று முறை தளம் போட்டதாகவும், மூன்று முறையும் மூன்றாம் நாள் விடியும்போது ஒரே இடத்தில் உள்வாங்கிவிட்டது என்றும் குணாளன் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். தளத்தின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. நடுவில் மூன்று அடி அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்த மாதிரி விழுந்திருந்தது. மூன்று ஆட்கள் மூன்று தடவை போட்ட தளமும் அதே வட்டத்தில் விழுந்திருப்பது துண்டுகளைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு துண்டை எடுத்து மற்றொன்றின் மேல் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றது. ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் சரியாகப் பிடித்திருந்தது.

மேஸ்திரியிடம், "கலவை மேல தப்பு இல்ல மேஸ்திரி. கீழ பழைய உறைக்கிணறு எதாச்சும் இருக்கும். தோண்டிப் பாத்துட்டுப் போடலாம்" என்றேன். மேஸ்திரியும் அதையே நினைத்திருந்தார். ஆனால் குணாளன் ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்துவிட்டு, தோண்டக் கூடாது, மேலேயே போட வேண்டும் என்று சொன்னார். கம்பியாவது கட்டிப் போடலாம் என்று மேஸ்திரி சொன்னார். அதற்கும் வேண்டாம் என்றார். "இந்த அம்மா கலந்து போட்டா நிக்கும்" என்று சொன்னார். அதன் பிறகு மேஸ்திரி பழைய துண்டுகளை உடைத்து, மண்ணோடு சேர்த்து அந்த வட்டத்தில் போட்டுத் திமிசுக் கட்டையால் மேல்மட்டம் வரை இடித்துக் கெட்டிப்படுத்தினார். சுற்றிலும் பலகை அடித்தார்.

அதன் பிறகு நான் கலவை போட ஆரம்பித்தேன். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு எம்சாண்ட், நாலு பங்கு முக்கால் ஜல்லி. தகரத்தின் மேல் மணலையும் சிமெண்டையும் முதலில் வறட்டுக் கலவையாகப் புரட்டி, நிறம் ஒன்றான பிறகு ஜல்லி சேர்த்து, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றிக் கலந்தேன். மேஸ்திரி மண்வெட்டியை எடுத்து உதவ வந்தபோது குணாளன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கலப்பதும் கொண்டு போய்க் கொட்டுவதும் நான் மட்டும் செய்ய வேண்டும், மேஸ்திரி மட்டப்பலகை மட்டும் இழுக்கலாம் என்று சொன்னார். ஏழு மூட்டை சிமெண்ட். மதியம் வரை ஓரங்களைப் போட்டேன். வட்டத்தைக் கடைசியில் போடச் சொன்னார்.

இரண்டு மணி வாக்கில் வட்டத்தின் மேல் கலவையைக் கொட்டினேன். மேஸ்திரி மட்டம் இழுத்த கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் நீர்க்குமிழிகள் வந்தன. புதுக் கலவையில் குமிழி வருவது சாதாரணம். இவை அப்படி வரவில்லை. ஒரே இடத்தில், கொஞ்சம் விட்டு விட்டு, ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மேஸ்திரி பூச்சுக் கரண்டியால் தேய்த்தார். மறுபடி வந்தன. உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது என்று மேஸ்திரி சொன்னார். அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை.

அப்போது குணாளன் என் அருகில் வந்து, "எதாச்சும் சொல்லும்மா" என்றார்.

"இன்னா சொல்லணும்?"

"இருன்னு சொல்லு. இங்கயே இருன்னு. கைய வெச்சி சொல்லு."

தளம் நிற்பதற்காக ஏதோ சாங்கியம் என்று நினைத்தேன். குமிழி வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "இரு" என்று சொன்னேன். கலவை வெதுவெதுப்பாக இருந்தது. சிமெண்ட் இறுகும்போது சூடாகும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் ஆகாது என்பதும் தெரியும். நான் கையை எடுத்த பிறகு குமிழி வரவில்லை. குணாளன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு காதிலும் இருந்த பஞ்சை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்பவர் போல இருந்தார். அதன் பிறகு, "போதும்மா" என்றார். என் கை பதிந்த இடத்தை மேஸ்திரி தேய்த்து மட்டமாக்கினார்.

வேலை முடிந்து குழாயடியில் கை கால் கழுவியபோது குணாளன் மனைவி செண்பகம் பின்வாசல் படியில் இருந்தபடி டீ கொடுத்தார். அந்தப் படியை விட்டு அவர் கீழே இறங்கவே இல்லை. நான்தான் படி வரை போய் வாங்கிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீதான தீனா ஊட்டுக்காரி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கணவரை எப்படித் தெரியும் என்று கேட்டதும் உள்ளே போய்விட்டார். வரும் வழியில் மேஸ்திரியிடம், என் கணவர் பெயரை அவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார்.

தளத்துக்கு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதையும் நானே செய்ய வேண்டும் என்று குணாளன் கேட்டுக்கொண்டதால், மறுநாளில் இருந்து காலையில் முதலில் அங்கே போய் ஊற்றிவிட்டு, பக்கத்துத் தெருவில் மேஸ்திரி எடுத்திருந்த சுவர் வேலைக்குப் போவேன். மாலையில் திரும்பி வந்து ஊற்றுவேன். சம்மட்டி, கடப்பாறை, மண் சுமக்கும் பாண்டு எல்லாம் குணாளன் வீட்டுத் தோட்டத்திலேயே வைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றியபோது, தளம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. வட்டம் இருந்த இடத்தில் மட்டும் நிற்கவில்லை. மேலே வெடிப்பு எதுவும் இல்லை, விரலால் தடவிப் பார்த்தேன். ஊற்ற ஊற்ற உள்ளே போனது. நான் பதினொரு வருஷமாகக் கலவை போடுகிறேன். இப்படிக் குடிக்கும் தளத்தைப் பார்த்ததில்லை. புதன்கிழமையும் அப்படியே. அன்று மாலை யாரும் இல்லாதபோது குனிந்து தளத்தின் மேல் காதை வைத்தேன். ஓரத்தில் வைத்தால் ஹைவேயில் லாரிகள் போகும் அதிர்வு கேட்டது. வட்டத்தின் மேல் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது சமையலறை ஜன்னலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தார். அவர், "உனக்குக் கேக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்களுக்குக் கேக்கும். இப்பதான் ரெண்டு நாளா இல்ல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். விடிந்தும் தளம் விழவில்லை. குணாளன் ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, என்னை உட்காரச் சொல்லி நாஷ்டா சாப்பிடச் சொன்னார். முதல் முறையாக அந்த வீட்டு ஹாலுக்குள் போனேன். சுவரில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருந்தது. நடுவில் ஹெல்மெட் போட்டு குணாளன் நின்றிருந்தார். கீழே என் கணவர் வேலை செய்த கம்பெனியின் பெயரும், குணாளனின் பெயருக்குப் பக்கத்தில் ஷிப்டு சூப்பர்வைசர் என்றும் எழுதியிருந்தது. நான் இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வெள்ளிக்கிழமையும் போய்த் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்கு வந்து பூமிகாவிடம் எதையும் சொல்லவில்லை.

19.07.2025 சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் போனேன். மோட்டார் போட்டு டியூபில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது குணாளன் வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தார். நல்ல தூக்கம் தூங்கியதாகச் சொன்னார். நான் அவரிடம், "என் ஊட்டுக்காரர் உங்க ஷிப்டுலயா இருந்தாரு?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "நீயே இருன்னு சொல்லிட்டியே மா, இனி சொல்றதுக்கு இன்னா" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னது இது. அந்தத் திங்கட்கிழமை காலை கிரேன் சங்கிலி அறுந்து சாமான் என் கணவர் மேல் விழுந்திருக்கிறது. அவர் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதாக மற்ற ஆட்களிடம் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டரும் குணாளனும் அவரை வேனில் ஏற்றியிருக்கிறார்கள். காண்ட்ராக்டர் நாலு வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகும் என்று காண்ட்ராக்டர் சொல்ல, வண்டியைச் சும்மா சுற்றியிருக்கிறார்கள். குணாளன் அப்போதுதான் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கழிவுத் தண்ணீருக்காகப் புதிதாக உறை இறக்கியிருந்தார்.

குணாளன் சொன்ன சொல்லை அப்படியே சொல்கிறேன். "தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே வந்தான். வண்டியில பாட்டில் இருந்துச்சி. குடுத்தா செத்துருவான்னு காண்ட்ராக்டர் சொன்னாரு, குடுக்கல. புதுவாயல் வரசொல்ல பேச்சு நின்னு போச்சி. அந்த உறைக்குள்ள எறக்கிட்டோம். ரெண்டு பாண்டு மண்ணு போட்டப்பறம் ஒரு தபா கேட்டுச்சி, தண்ணின்னு. காண்ட்ராக்டர், எனக்குக் கேக்கலன்னாரு. நானும் கேக்கலன்னுட்டேன்."

பத்து வருஷம் தோட்டத்தை அப்படியே விட்டு வைத்திருந்ததாகவும், போன மழைக்குப் பிறகு அந்த இடம் வட்டமாக உள்வாங்கியதாகவும், அதில் இருந்து அவருக்கும் செண்பகத்துக்கும் பகலில்கூட அந்தக் குரல் கேட்க ஆரம்பித்ததாகவும் சொன்னார். அதை மூடத்தான் ஷெட் போட நினைத்தார். மூன்று தளமும் விழுந்த பிறகு, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் குறி சொல்லும் ஒருவரிடம் போயிருக்கிறார். கட்டிய மனைவி தன் கையால் மூடி, இரு என்று சொன்னால் அடங்கிவிடும் என்று அவர் சொன்னாராம். அதனால்தான் என்னைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்ததும் குணாளன், "நீ நல்லா இருப்பம்மா" என்றார்.

நான் டியூபைக் கீழே போட்டு மோட்டாரை நிறுத்தினேன். அதன் பிறகு மரத்தடியில் இருந்த சம்மட்டியை எடுத்து வந்து தளத்தின் நடுவில் அடிக்க ஆரம்பித்தேன். மணி ஒன்பதே கால் இருக்கும். நான் அழவில்லை. ஐந்து நாள் தளம், என் கலவை, அது சுலபத்தில் விடாது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு விரிசல் விழவே ஒரு மணி நேரம் ஆனது. குணாளன் முதலில் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு படியிலேயே உட்கார்ந்து பஞ்சைத் தேடினார். செண்பகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு அவரிடம், "போலீசுக்குப் போன் போடுங்க" என்று சொன்னேன். அவர் போட்டார்.

பன்னிரண்டு மணிக்குமேல் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. துண்டு கீழே விழுந்த சத்தம் வர நேரம் எடுத்தது. குனிந்து பார்த்தேன். திங்கட்கிழமை மேஸ்திரி மேல்மட்டம் வரை இடித்து நிரப்பிய கல்லும் மண்ணும் பன்னிரண்டு அடிக்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஐந்து நாளும் நான் ஊற்றிய தண்ணீர்தான் அதை இறக்கியிருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் உறைகள் தெரிந்தன. கெட்ட வாடை எதுவும் வரவில்லை. ஈரமண் வாடைதான் வந்தது.

அந்த நேரத்தில் குணாளன் படியில் இருந்து எழுந்து வந்தார். காதில் பஞ்சு இல்லை. தளத்தின் மேல் ஏறி ஓட்டையின் விளிம்பில் முட்டி போட்டு உட்கார்ந்தார். யாருக்கோ பதில் சொல்வது போல, "தோ வரேன், தோ வரேன்" என்றார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம், தளத்துக்கு வெளியே மண்ணில் நின்றிருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழு அடி இருந்தது. "அங்க நிக்காதீங்க, உடையும்" என்று சத்தமாகச் சொன்னேன். அடியில் பிடிமானம் இல்லாததால் மீதி இருந்த வட்டம் அப்படியே உடைந்து அவரோடு உள்ளே போனது. மணி பன்னிரண்டு நாற்பது. நான் தொடவில்லை. செண்பகம் இதைப் பார்த்தார், ஃபயர் சர்வீசுக்கும் அவரே போன் போட்டார். அவர் காவல் துறையிடம் அப்படியே சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

எட்டிப் பார்த்தபோது குணாளன் உயிரோடு இருந்தார். தோள் வரை கான்கிரீட் துண்டுகள் மூடியிருந்தன. முகம் மட்டும் தெரிந்தது. முதலில் முனகினார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார்.

நடுவர் அவர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நினைத்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அது குணாளன் குரலா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

செண்பகத்திடம் தண்ணீர் கேட்டேன். அவர் அன்றுதான் பின்வாசல் படியை விட்டு இறங்கி வந்தார். எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் நிரப்பி, சிந்தாமல் இருக்க மூடியை அழுத்தி மூடிக் கொண்டு வந்தார். துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்துத் தூக்கின் காதில் கட்டி நான் கீழே இறக்கினேன். தூக்கு குணாளனின் முகத்துக்குப் பக்கத்தில், நிழலாக இருந்த இடத்தில் போய் நின்றது. கயிறு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு முறை இழுபட்டது. நான் மேலே தூக்கினேன். மூடி இறக்கியபோது இருந்தபடியே இறுக்கமாக மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. இன்னும் வேண்டுமா என்று குனிந்து கேட்டேன். பதில் வரவில்லை.

சற்று நேரத்தில் போலீசாரும் ஃபயர் சர்வீஸ்காரர்களும் வந்தார்கள். குணாளனை மேலே கொண்டுவர மூன்றே கால் மணி ஆனது. இடுப்பு எலும்பு உடைந்து சென்னையில் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். மறுநாள் தாசில்தார் முன்னிலையில் அந்த உறைக்கிணற்றைச் சுற்றித் தோண்டினார்கள். இன்னும் ஐந்து அடிக்குக் கீழே எலும்புகளும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூவும் கிடைத்தன. இடது முழங்கை எலும்பில் ஆறு ஸ்க்ரூ போட்ட ஸ்டீல் பிளேட் இருந்தது. கல்யாணமான புதிதில் படகில் இருந்து விழுந்து என் கணவருக்கு வைத்த பிளேட் அது. எனக்குச் சந்தேகம் இல்லை. பூமிகா டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். நானும் பூமிகாவும் பக்கத்தில் நின்றிருக்கும்போதுதான் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பூமிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா நம்மள விட்டுட்டுப் போகலல்ல?" என்றாள். இல்லை என்றேன்.

விசாரணை அதிகாரி நேற்று என்னிடம் தூக்கைப் பற்றித் தனியாகக் கேட்டார். குணாளன் வாக்குமூலத்தில் தனக்குத் தண்ணீர் வரவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன், யாரும் தரவில்லை என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஃபயர் சர்வீஸ் அலுவலர், தாங்கள் துண்டுகளை எடுக்கும்வரை குணாளனின் இரண்டு கைகளும் கான்கிரீட்டுக்கு அடியில் மாட்டியிருந்தன, விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அப்படியானால் தண்ணீர் எங்கே போனது, ஒருவேளை காலித் தூக்கைத்தான் இறக்கினீர்களா என்று அதிகாரி கேட்டார். நிரப்பியதைச் செண்பகமும் நானும் பார்த்தோம். கனமாகத்தான் இறக்கினேன். கயிறு இழுபட்டது என் கையில் தெரிந்தது. குடித்தது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நடுவர் அவர்கள் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மேலே உள்ளதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. இதில் கூட்டியது, குறைத்தது எதுவும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சுய நினைவோடு சொன்ன உண்மை இது.

(ஒப்பம்)
தீ. வினோதா
24.07.2025